செவ்வாய்க்கிழமை மட்டும் ஓடாத ஏசி

ஏப்ரல் 9, செவ்வாய்

ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டும்போதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஏசி போட்டு எவ்வளவோ தூரம் வந்தாயிற்று, காற்று சூடாகவே வருகிறது. பொத்தானை அணைத்துப் போட்டேன். வேகத்தைக் கூட்டினேன், குறைத்தேன். இட்லிப் பானையைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அந்த ஆவிதான் வந்தது.

"கேஸ் தீந்துருக்கும்," என்றார் பக்கத்து இருக்கையிலிருந்து இவர். "கண்ணாடியை இறக்கி விட்டுட்டு ரோட்டைப் பாரு. கிளட்ச்ல காலை வச்சுக்கிட்டே ஓட்டாத."

ஆள் பாதியாகக் கரைந்துவிட்டார், கிளட்ச்சைப் பற்றிய அக்கறை மட்டும் கரையவில்லை. முன்பெல்லாம் இவர்தான் ஓட்டுவார். ஏசியை முழு வேகத்தில் வைத்துக்கொள்வார். நான் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு திட்டினால், "காலம் பூரா மில்லுல வெந்தவன்டி நான். காருலயாவது குளுகுளுன்னு போறேனே" என்பார். மில்லில் எலக்ட்ரிக்கல் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறு வருடமே இரைப்பையில் புற்று என்று சொல்லிவிட்டார்கள். இப்போது ராஜபாளையத்திலிருந்து மதுரைக்கு, செவ்வாய்தோறும், நான் ஓட்டுகிறேன். மருந்து ஏற்றிக்கொண்டு சாயங்காலம் திரும்புகிறோம்.

இன்றும் மருந்து ஏற்றும் சிஸ்டர் வழக்கமான கேள்வியைக் கேட்டாள். "குளிர், நடுக்கம் ஏதாச்சும் இருக்காப்பா? இருந்தா உடனே சொல்லணும். பெட் போட்டுருவோம்." இவர் "இல்லவே இல்ல சிஸ்டர்" என்றார், பரீட்சையில் விடை தெரிந்த பையன் மாதிரி. பிப்ரவரியில் ஒருமுறை நடுக்கம் வந்து வார்டில் சேர்த்தோம். குழாயும் ஊசியுமாகப் படுத்துக் கிடந்துவிட்டு வந்த அன்று, வாசற்படியில் கால் வைத்ததுமே என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "போறதா இருந்தா நம்ம வீட்டுலருந்து போறேன் உலகு. அந்த வார்டுக்கு மட்டும் என்னைய மறுபடி கொண்டு போயிராத." வாயைக் கழுவுங்கள் என்று அதட்டிவிட்டு அடுப்படிக்குப் போய் நின்றேன்.

அவர் வயிற்றுக்குள் இருப்பதை என்னால் ஒன்றும் செய்ய முடியாது. இந்த ஏசியைச் சரிசெய்ய முடியும். போகவர அந்த வழியாவது அவருக்கு இதமாக இருக்க வேண்டும். எனக்கு இப்போது வேண்டியது அது ஒன்றுதான்.

ஏப்ரல் 10, புதன்

தென்காசி ரோட்டில் ராஜாமணியின் பட்டறைக்குப் போனோம். கார் ஏசி மட்டும் பார்ப்பவன். இவருக்குப் பழக்கம். "நீங்க படுத்திருங்க, நான் போய்ட்டு வர்றேன்" என்றால் கேட்கவில்லை. "நீ தனியாப் போனா உன் தலையில மொளகா அரைச்சிருவான்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். முழுக்கைச் சட்டை. இந்த வெயிலில்.

போய் இறங்கியதும் எலுமிச்சை ஜூஸ் வேண்டும் என்றார். உப்புப் போட்டு, சர்க்கரை இல்லாமல். ரோட்டைக் கடந்து வாங்கிக்கொண்டு வந்தால், தூக்கி வைத்த பானெட்டுக்குக் கீழே இரண்டு பேரும் பேசாமல் நிற்கிறார்கள். ராஜாமணி என் முகத்தைப் பார்க்கவில்லை. துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"கேஸ் கம்மியா இருந்துச்சு டீச்சர். போட்டு விட்டுருக்கேன்."

போட்டுப் பார்த்தேன். ஜில்லென்று வந்தது. அப்பாடா என்று இருந்தது. வாங்கி வந்த ஜூஸை இவர் இரண்டு வாய்கூடக் குடிக்கவில்லை.

ஏப்ரல் 16, செவ்வாய்

கிளம்புவதற்கு முன் பானெட்டைத் திறந்து ரேடியேட்டரில் தண்ணீர் பார்ப்பது இவருடைய பழைய பழக்கம். இப்போது அதைத் தூக்கவே மூச்சு வாங்குகிறது. உதவிக்குப் போனால் "நீ போய் டிபனைக் கட்டு" என்று விரட்டுகிறார். சரி, அந்த ஒரு வேலையாவது அவருடையதாக இருக்கட்டும்.

கிருஷ்ணன்கோவில் வருவதற்குள் தெரிந்துவிட்டது. மறுபடியும் சூடு.

எனக்கு ரவிக்கை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது. கண்ணில் வேர்வை இறங்கி ரோடு மங்கியது. இவர் கழுத்தைச் சுற்றித் துண்டைப் போட்டுக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தார். முகத்தில் பொட்டு வேர்வை இல்லை. வேர்ப்பதற்குக்கூட உடம்பில் ஒன்றும் மிச்சமில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். நினைத்ததும் ராஜாமணியைத் திட்ட ஆரம்பித்தேன். திட்டிக்கொண்டே ஓட்டினால் அழுகை வருவதில்லை.

"விடு உலகு. மெஷின்னா அப்படித்தான். சூட்டுக்காத்தும் காத்துதானே," என்றார் இவர். இவரா இப்படிப் பேசுவது!

ஏப்ரல் 17, புதன்

பட்டறைக்குப் போய் நன்றாகக் கேட்டுவிட்டேன். "போன வாரம் போட்ட கேஸ் எங்கப்பா போச்சு? ஓட்டை இருந்தா முதல்ல அடைக்கணும்ல? நான் எட்டாம் வகுப்புக்கு இதைப் பாடமா நடத்தினவ. திரவம் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கிடும், அந்தச் சூட்டை வெளியே கொண்டு போய்க் கொட்டணும். இதுல எந்த இடத்துல கோளாறுன்னு சொல்லு."

பிள்ளைகளின் உள்ளங்கையில் ஸ்பிரிட்டைத் தொட்டு வைத்து, "ஜில்லுன்னு இருக்கா?" என்று கேட்டவள் நான். எனக்கே டிமிக்கி கொடுக்கப் பார்க்கிறான்.

"முன்னாடி கண்டன்சர்ல தூசி அடைச்சிருக்கு டீச்சர். சூடு வெளிய போகல. கழுவி விடுறேன்," என்றான். சொல்லிவிட்டு என்னைப் பார்க்கவில்லை, இவரைப் பார்த்தான். இவர் எங்கோ பார்த்துக்கொண்டு நின்றார்.

கழுவினான். ஜில்லென்று வந்தது. பட்டறையில் எல்லாம் ஒழுங்காகத்தான் வருகிறது. செவ்வாய்க்கிழமைதான் அதற்கு வேலைநிறுத்தம்.

ஏப்ரல் 20, சனி

மத்தியானம் இவரைக் காணவில்லை. தேடினால் மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்து, கொளுத்தும் வெயிலில் உட்கார்ந்திருக்கிறார். பதறிவிட்டேன்.

"டாக்டர்தான் வெயில்ல இருக்கச் சொன்னாரு. எலும்புக்கு நல்லதாம்."

"அது காலை வெயில். இப்படிக் கருகச் சொல்லல."

இறங்கி வந்ததும் மின்விசிறியை அணைத்தார். சத்தம் தாங்கவில்லையாம். மில்லில் ஓடிய தறிச் சத்தத்தைக் கேட்ட காதுக்கு மின்விசிறிச் சத்தம் தாங்கவில்லை! நோய் மனிதரை என்னவெல்லாம் ஆக்கிவிடுகிறது. புனேயிலிருந்து மகள் தேன்மொழி பேசினாள். அப்பாவுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டாள். அப்பா நன்றாக இருக்கிறார், ஏசிதான் சரியில்லை என்றேன்.

ஏப்ரல் 23, செவ்வாய்

இன்றும் சூடுதான்.

ஏப்ரல் 25, வியாழன்

சண்டை. காரை மதுரையில் பெரிய பட்டறையில் விடுகிறேன் என்றேன். "ராஜாமணியே பாத்துக்கிடுவான்" என்றார். அவனுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை, எத்தனை தடவை பார்ப்பான் என்று கேட்டேன். "என் வண்டி. நான் சொல்ற எடத்துலதான் கொடுக்கணும்" என்று குரலை உயர்த்தினார். உயர்த்திய குரல் பாதியிலேயே உடைந்துவிட்டது. இருமல் வந்து, நான் முதுகைத் தடவிக் கொடுத்து, வெந்நீர் கொண்டு வந்து கொடுத்து, சண்டை அதோடு முடிந்தது. வெந்நீர்த் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெகுநேரம் குடிக்காமல் வைத்திருந்தார்.

ஏப்ரல் 30, செவ்வாய்

டாக்டர் என்னை மட்டும் தனியாக அழைத்துப் பேசினார். அதை இங்கே எழுதப் போவதில்லை.

இன்றும் காற்று சூடாக வந்தது. போகும்போதும் சூடு, வரும்போதும் சூடு. கம்ப்ரசர் ஓடினால் பானெட்டுக்குள் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்க வேண்டுமாம், யூடியூபில் ஒருவர் சொன்னார். திருமங்கலத்தில் வண்டியை ஓரமாக நிறுத்தி, பொத்தானை அமுக்கி அமுக்கிக் கேட்டேன். சத்தம் வரவில்லை. "என்ன செய்ற?" என்று கேட்டார். ஏசி பார்க்கிறேன் என்றேன். அந்த 'டக்' வந்துவிட்டால் எல்லாமே சரியாகிவிடும் என்று எனக்குள் ஒரு பைத்தியக்காரத்தனம். அமுக்கிக்கொண்டே இருந்தேன். அவர் என் கையைப் பிடித்து, பொத்தானிலிருந்து மெதுவாக எடுத்து மடியில் வைத்தார்.

அவர் கை ஜில்லென்று இருந்தது. டாக்டர் சொன்னதே காதில் ஓடிக்கொண்டிருந்ததால் அதை நான் யோசிக்கவில்லை.

மே 7, செவ்வாய்

எழுதக் கை வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

ரத்தம் மிகவும் குறைந்துவிட்டது என்று இன்று ரத்தம் ஏற்றினார்கள். முடியச் சாயங்காலமாகும் என்றார்கள். இவர் கண் அசந்ததும் காரை எடுத்துக்கொண்டு பைபாஸ் ரோட்டில் ஒரு பட்டறைக்குப் போனேன். திருட்டுத்தனமாக, ஆனால் உற்சாகமாக.

அங்கிருந்தவர் பானெட்டைத் திறந்தார். ஒரு கறுப்பு மூடியைக் கழற்றினார். "யாரும்மா ரிலேயக் கழட்டுனது?" என்றார். பொத்தானை அமுக்கினால் கம்ப்ரசருக்குக் கரண்ட் அனுப்புகிற சின்னப் பெட்டியாம் அது, பாதித் தீப்பெட்டி அளவுதான். அது இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது.

"விழுந்திருக்குமோ?"

"தானா விழாதும்மா. புடிச்சு இழுத்தாத்தான் வரும்."

ராஜாமணிதான் என்று நினைத்தேன். திருட்டுப்பயல், இருக்கட்டும், ஊருக்குப் போய்க் கவனித்துக்கொள்கிறேன். புதிது போட்டார். 'டக்' என்று கேட்டது. ஐஸ் மாதிரி வந்தது காற்று.

ஆஸ்பத்திரி வாசலில் இவர் வருவதற்கு முன்பே ஏசியைப் போட்டு, காருக்குள் நன்றாகக் குளிர விட்டு வைத்தேன். மாப்பிள்ளை அழைப்புக்குக் காத்திருப்பவள் மாதிரி நின்றேன். வந்து உட்கார்ந்தார். கதவைச் சாத்தினேன். அவர் முகம் ஒரு நிமிஷம் என்னமோ ஆயிற்று. பிறகு சிரித்தார்.

"அட. ஓடுதே! நல்லாயிருக்கே உலகு."

எனக்கு எவ்வளவு சந்தோஷம்! மாதக்கணக்கில் எனக்கு வாய்க்காத சந்தோஷம். வழியெல்லாம் நானே பேசிக்கொண்டு வந்தேன். ரிலே கதையைச் சொன்னேன், ராஜாமணியைச் சபித்தேன். திருமங்கலம் தாண்டினோம். இவர் ம், ம் என்றார். கல்லுப்பட்டிக்குப் பக்கத்தில் ம் நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தேன். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு, தாடையை இறுக்கிக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உதடு நீலமாக இருந்தது. கடிக்கக் கடிக்கப் பல் தந்தியடித்தது.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. நல்ல குளிர்ச்சி. நீ ரோட்டைப் பாரு."

அப்போதுதான் எனக்கு எல்லாம் ஒரே சமயத்தில் விளங்கியது. முழுக்கைச் சட்டை, மாடி வெயில், வெந்நீர்த் தம்ளர். செவ்வாய்தோறும் தண்ணீர் பார்க்கிறேன் என்று என்னை விரட்டிவிட்டுப் பானெட்டுக்குள் குனிந்தது. மில் ஃபோர்மேனுக்கு ஒரு ரிலேயைப் பிடுங்கத் தெரியாதா? நான் ஓட ஓடத் தேடிய கோளாறை இவரே செய்து வைத்திருக்கிறார். குளிருகிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் நான் சிஸ்டரிடம் சொல்லிவிடுவேன், வார்டில் போட்டுவிடுவார்கள். அதற்குப் பயந்து, அந்தச் சூட்டுக் காற்றில் உட்கார்ந்து வந்திருக்கிறார். பாவி, நான் அதைச் சரிசெய்துவிட்டேன்.

வண்டியை ஒரு புளிய மரத்தடியில் நிறுத்தினேன். நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன். சுடவில்லை. காய்ச்சல் இல்லை, ரத்தம் இல்லாத குளிர்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பின்னால் மதுரை, முன்னால் வீடு. போன வாரம் டாக்டர் சொன்னதை இப்போது எழுதுகிறேன்: "மருந்து இனி கேக்காதும்மா. நடுக்கம் வந்தாக் கொண்டு வாங்க, சேத்துப் பாக்கலாம். ஆனா திரும்பி வீட்டுக்கு அனுப்புவேன்னு என்னால சொல்ல முடியாது."

வண்டியைத் திருப்ப வேண்டும் என்று தெரியும். கையும் ஸ்டியரிங்கில்தான் இருந்தது.

"என்ன நிப்பாட்டிட்ட?" என்றார். அந்தக் கண்ணில் இருந்த பயத்தை நான் இந்த ஜென்மத்தில் மறக்க மாட்டேன்.

நான் ஏசி பொத்தானை அணைத்தேன். "போச்சுங்க. மறுபடியும் சூடாத்தான் வருது," என்றேன்.

பொத்தானையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "மதுரக்காரனும் சரியில்ல போல," என்றார்.

"எல்லாரும் ஒரே லட்சணந்தான்."

அந்த வண்டியில் நீலமும் சிவப்பும் போட்ட ஒரு திருகு இருக்கிறது. சிவப்புப் பக்கத்தை நாங்கள் கொடைக்கானல் போனபோதுகூடத் தொட்டதில்லை. அதைச் சிவப்பின் கடைசி வரைக்கும் திருப்பிவிட்டேன். கண்ணாடிகளை ஏற்றினேன். அக்கினி நட்சத்திர வெயிலில், ஹீட்டர் போட்டுக்கொண்டு, ராஜபாளையம் வரை ஓட்டினேன். என் தலையிலிருந்து கால் வரை ஊற்றியது. பக்கத்தில் இவர் நடுக்கம் நின்று, கை வெளியே வந்து, வாய் லேசாகத் திறந்து, பிள்ளை மாதிரித் தூங்கிவிட்டார். கண்ணைத் துடைக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. எல்லாம் வேர்வையோடு போயிற்று.

மே 8, புதன்

ராஜாமணியிடம் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவன் அழுதுவிட்டான்.

"மொத நாளே ரிலே அவர் சட்டைப் பையிலதான் இருந்துச்சு டீச்சர். அண்ணாச்சி என் கையப் புடிச்சுக்கிட்டாரு. குளிர் தாங்கலடா, டீச்சருக்குத் தெரிஞ்சா ஆஸ்பத்திரியில தள்ளிரும், நீ ஏதாச்சும் சொல்லிச் சமாளின்னாரு. நீங்க என்னையத் திட்டும்போது எனக்கு வருத்தமே இல்ல. உங்களப் பாக்கத்தான் முடியல."

நான் அவனை என்னென்ன சொன்னேன்! தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன்.

மே 14, செவ்வாய்

மதுரைக்குப் போகவில்லை. போக வேண்டாமா என்று அவரும் கேட்கவில்லை. காலையில் போர்வையைச் சுற்றிக்கொண்டு வாசலில் வெயிலில் உட்கார வைத்தேன். ரசம் சாதம் நான்கு வாய். அவர் கையை என் இரண்டு கைக்குள்ளும் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"தெரிஞ்சிருச்சா உனக்கு?" என்றார் திடீரென்று.

"என்ன தெரிஞ்சிருச்சா?"

"ஒண்ணுமில்ல." சிரித்தார். "நீ நல்லாத்தான் வண்டி ஓட்டுற."

முப்பத்தொரு வருட வாழ்க்கையில் இதை அவர் சொன்னதே இல்லை.

மே 16, வியாழன்

தூக்கம்தான். மூன்று போர்வை. சிஸ்டரின் நம்பரை எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். கூப்பிட்டால் அவருக்குத் துரோகம். கூப்பிடாவிட்டால் யாருக்குத் துரோகம் என்று தெரியவில்லை.

மே 22, புதன்

சனிக்கிழமை காலையில் போய்விட்டார். எங்கள் கட்டிலில், ஜன்னல் வெயில் காலில் விழுந்துகொண்டிருந்தபோது. மதுரைக்குத் திருப்பியிருந்தால் இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பாரோ என்று ஒவ்வொரு நாளும் கேட்டுக்கொள்கிறேன். பதில் சொல்ல யாரும் இல்லை. அந்தப் புளிய மரத்தடிக்கு மறுபடி கொண்டு போய் நிறுத்தினாலும் நான் வீட்டுக்குத்தான் ஓட்டுவேன். அதுவும் தெரிகிறது.

அன்று பத்து மணிக்கெல்லாம் என் கொழுந்தன் குமரேசன் ஐஸ் பெட்டிக்குச் சொல்லிவிட்டிருந்தான். ஆட்டோவில் கொண்டு வந்து கூடத்தில் இறக்கினார்கள். கண்ணாடி மூடி போட்ட நீளப் பெட்டி. கொண்டு வந்தவர் வயரை நீட்டிக்கொண்டு, "பிளக் எங்கிட்டு இருக்கு?" என்று கேட்டார்.

"பெட்டி வேண்டாம்," என்றேன்.

குமரேசன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "மதினி, தேனு ஃப்ளைட் புடிச்சு வந்து சேரச் சாயங்காலமாயிரும். இந்த வெக்கையில எப்படி? எல்லார் வீட்டுலயும் வைக்கிறதுதான மதினி."

"வேண்டாம்ப்பா. அவருக்குக் குளிரும்."

கூடத்தில் இருந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரோ ஒருத்தி என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும். நான் எழுந்து போய்ப் பெட்டிக்கும் கட்டிலுக்கும் நடுவில் நின்றுகொண்டேன். அவருக்குக் குளிரும், அவருக்குக் குளிரும் என்று சத்தம் போட்டேன். அவ்வளவு நாளும் வராத அழுகை அப்போதுதான் வந்தது.

வாசலில் நின்றிருந்த ராஜாமணி உள்ளே வந்தான். வயரைச் சுருட்டிப் பெட்டிமேல் வைத்தான். "தூக்குங்கண்ணே, கொண்டு போயிருவோம்," என்று பெட்டிக்காரரிடம் சொல்லி, ஒரு பக்கத்தைத் தானே பிடித்தான். குமரேசன் ஏதோ கேட்க வந்தான். "அண்ணாச்சிக்குப் புடிக்காது சார். எனக்குத் தெரியும்," என்றான் ராஜாமணி. குமரேசன் நகர்ந்து வழிவிட்டான்.

ஐந்து மணிக்குத் தேன்மொழி வந்தாள். பையை வாசலிலேயே போட்டுவிட்டு ஓடி வந்து, அவர் நெஞ்சில் விழுந்து, கையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அழுதுகொண்டிருந்தவள் சட்டென்று நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"அம்மா, அப்பா கை இன்னும் வெதுவெதுன்னு இருக்கும்மா."

ஆமாம்மா என்றேன்.